சாத்தமுதும் சாரும்

(பெங்களூர் குடும்ப சந்திப்பில் பேசியது)

சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

போன வருஷம் என் அம்மாவுக்கு ஜுரம். நாலு நாள் வெறும் கஞ்சி. ஐந்தாம் நாள், "வாய்க்கு வேண்டியிருக்கு, துளி சாத்தமுது கொண்டு வா" என்று பேத்தியிடம் கேட்டாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த என் பெண்ணின் காதில் 'சாதம்' மட்டும்தான் விழுந்தது. கிண்ணத்தில் வெறும் சாதத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒத்தாசைக்கு வரும் கன்னடக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டு, "ஸ்வல்ப சாரு கொடம்மா" என்றாள். உடனே வந்துவிட்டது!

சொந்தப் பேத்திக்கே நம் வார்த்தை தெரியவில்லையே என்று எனக்கு உறுத்தியது. யோசித்துப் பார்த்தால், அம்மா இரண்டு தடவையும் கேட்டது ஒரே வார்த்தையைத்தான்.

ஆறு, நீருடன் சேர்ந்தால் ஆற்றுநீர். அதேபோல் சாறு, அமுதுடன் சேர்ந்தால் சாற்றமுது. பேச்சில் காற்று 'காத்து' ஆகிறதல்லவா? அப்படி இது சாத்தமுது ஆயிற்று. சாதத்துக்கும் இதற்கும் உறவு இலையில் மட்டும்தான்! கன்னடத்தில் றகரம் வழக்கொழிந்து போனதால் அங்கே சாறு 'சாரு' ஆனது. ஸம்ஸ்க்ருதத்தில் ரஸம் என்றாலும் சாறுதான். ஆக, ஐயர் ஆத்து ரஸம், ஐயங்கார் ஆத்து சாத்தமுது, மல்லேஸ்வரத்து சாரு, மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே.

பிஸிபேளேயில் வரும் ஹுளியும் நம் புளிதான். நம் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாகும். பால் ஹாலு, பூ ஹூவு.

'அமுது' எதற்கு? பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய பிறகே நாம் சாப்பிடுவது என்பதால் கறி கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. மிளகாயும் தக்காளியும் கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் தேசத்துக்கு வந்தவை. அதற்கு முன் காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி.

ரஸம் என்று சொல்வதில் தப்பே இல்லை. எந்த ஊரில் இருந்தாலும், குழந்தைகளுக்கு இந்த வார்த்தையையும் ஒரு தடவை சொல்லி வையுங்கள். நாளைக்கு நாம் ஜுரத்தில் படுத்துக்கொண்டு கேட்கும்போது, வெறும் சாதம் வந்துவிடக் கூடாது பாருங்கோ!

இலை போட்டாயிற்று என்று ஜாடை காட்டுகிறார்கள்.