புகை இலைக்கு, ஆளுக்கு அல்ல

(யாழ்ப்பாணத்து உணவுக்கடைகளில் வேலை செய்யும் மலையக அங்கத்தவர்களின் கூட்டத்தில் பேசியது)



வலிகாமத்துப் பக்கம் புகையிலைக் குடில்களைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வாசல், மண்சுவர். உள்ளே இலையைத் தொங்கவிட்டு, தென்னம் பொச்சைப் புகையவிட்டு, வாசலை அடைத்துவிட்டு ஆள் வெளியே வந்துவிடுவார். புகை இலைக்குத்தான். அந்த நேரம் உள்ளே யாரும் குந்தியிருப்பதில்லை.

இப்போது சில கடைகளின் பின் குசினிக்கு இறைச்சியைப் புகையூட்டும் மின்சாரப் பெட்டி வந்திருக்கிறது. ஜன்னலில்லாத அறை. அதுவும் குடில்தான், ஆள் மட்டும் உள்ளே நிற்கிறார். “கரண்டுதானே, நெருப்பில்லையே” என்கிறார்கள். கரண்டு செய்வது கம்பியைச் சூடாக்குவது மட்டும். அதன் சூட்டில் மரச்சீவல் கருகுகிறது. சுடர்விடாமல் கருகும் மரத்திலிருந்து காபனோரொட்சைட்டு நிறைய வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூக்கில் ஈரத்துணி கட்டினாலும் நிற்காது.

நம் தம்பி ஒருவர் மூன்று நாள் தலையிடியோடு வேலை செய்தார். வெளியே வந்தால் சுகம், உள்ளே போனால் வலி. லயத்து அடுப்புப் புகையில் வளர்ந்தவர்கள்தானே நாம், புகை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டோம். “பனடோல் போடு” என்றுதான் நாங்களும் சொன்னோம். நான்காம் நாள் குசினித் தரையில் மயங்கிக் கிடந்தார். கதவு திறந்திருந்ததால் பிழைத்தார். தலையிடி, வாந்தி, தூக்கக்கலக்கம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள், பிறகு ஆஸ்பத்திரி. பெட்டியை நிறுத்தப் போய் உள்ளே நிற்கவேண்டாம்.

முதலாளியிடம் முதலில் கேட்கவேண்டியது, பெட்டியைப் பின்வளவில் மழைபடாத, நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் வைக்கலாமா என்பது. சரியென்றால் மற்றப் பேச்சே வேண்டாம். முடியாதென்றால், பெட்டியின் புகைவாய்க்கு மேலே தகரக் கூடு, அதிலிருந்து சுவர் தாண்டி வெளியே போகும் உலோகக் குழாய், புகையை இழுக்கும் விசிறி. குழாய் முகட்டுக்குள்ளோ பக்கத்து வீட்டு ஜன்னலருகிலோ முடியக்கூடாது. எதிர்ச்சுவரில் கீழே காற்று வர ஒரு வழி வேண்டும். அதில்லாமல் விசிறி போடுவது, மூடிய போத்தலில் வாய்வைத்து உறிஞ்சுவது மாதிரி. தலைக்கு மேலே சுற்றும் விசிறி புகையை அறைக்குள்ளேயே கலக்கும், வெளியேற்றாது. குழாயில் படியும் கொழுப்பைச் சுரண்டாவிட்டால் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். காபனோரொட்சைட்டு மணி ஒன்றும் கேளுங்கள். அந்த அறையில் இரவு பாய் விரிக்கவே வேண்டாம்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் காற்றோட்டத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆகவே இது சலுகை கேட்பதல்ல. தனியாகப் போய்க் கேட்டால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. எந்தக் கடை, எந்த அறை என்று இன்றைக்கே எழுதித் தாருங்கள். உங்கள் பெயர் வேண்டாம். முதலாளியிடம் நாங்கள் போகிறோம், இணங்காவிட்டால் தொழில் திணைக்களத்துக்கும் போவோம்.