அங்கிக்குள்ளே யார்?

(புதுவைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

 

சட்டம் பயின்றவனல்லன் நான். கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடையேறியவன். நாடகத்திலே நீதிபதி வேடத்துக்கு ஒரு கறுப்பு அங்கி போதும்; அணிந்ததும் நடிகன் தன்னை மறந்துவிடுவான். மெய்யான மன்றத்திலே, நெஞ்சில் குடியேறிய அரசியல் கருத்து அங்கிக்குள்ளே உறங்கிவிடுகிறதா?

தொலைவு போவானேன்? பாரதி பூங்காவுக்கு எதிரே நிற்கும் நமது பேரவையின் கதையைப் பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மேற்கொண்டு மூவர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுச் சட்டம். 2016 தேர்தலிலே பாரதிய சனதாவுக்குப் புதுவை மக்கள் ஓர் இடமும் தரவில்லை. மக்கள் மூடிய கதவை 2017இல் டில்லி திறந்தது! அக்கட்சியினர் மூவர் நியமனம். அமைச்சரவையைக் கேட்டார்களா? இல்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடியே பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பேரவைத் தலைவர் ஏற்க மறுத்தார். உயர்நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. 2018 டிசம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அதையே கூறிற்று. அமைச்சரவையைக் கலந்தாக வேண்டுமெனச் சட்டத்திலே சொல் இல்லையாம்!

இல்லை, மெய்தான். கலக்க வேண்டாம் என்ற சொல்லும் இல்லையே! சட்டம் மௌனம் சாதித்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார் நீதிபதி?

அதே ஆண்டு ஜூலை 4இல், டில்லி அரசின் வழக்கிலே, ஐவர் அமர்வு எழுத்தோடு நின்றுவிடவில்லை. மக்களாட்சியின் உயிரைத் தேடிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் சொல்லுக்குத் துணைநிலை ஆளுநர் பொதுவாகக் கட்டுப்பட்டவர் என்றது. சிக்ரி, அசோக் பூஷண் இருவரும் அந்த ஐவரிலும் இருந்தனர். புதுவை வழக்கின் மூவரிலும் இருந்தனர். ஐந்தே திங்களில் அந்த உயிர் எங்கே ஒளிந்தது?

கட்சிப் பற்று என்று நான் பழி சுமத்தவில்லை. சான்றின்றித் தூற்றுவது நமது பண்பன்று. ஆயின், ஒன்றியப் பகுதிக்கு டில்லியே எசமானன் என்ற எண்ணம் அரசியல் கருத்தன்றோ? கட்சிச் சீட்டு வாங்காதவர் உள்ளத்திலும் அது வாழும். தீர்ப்பின் அடியிலே ஓடுவது அதுவே என்பது என் வாதம்.

வி. ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்துப் பொதுவுடைமை ஆட்சியிலே அமைச்சர். பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதி. அவர் கருத்து ஊரறிந்தது. 1975 ஜூன் 24இல் இந்திரா காந்தியின் வழக்கிலே அவர் தந்த ஆணையை எடை போட, நாட்டு மக்கள் கையிலே தராசு இருந்தது. கருத்தே இல்லாதவராகக் காட்சி தருவோரை எந்தத் தராசிலே நிறுப்பது?

விளைவைக் கேளுங்கள். 2021 பிப்ரவரி 22. பதவி துறந்து ஓடியவர்களால் ஆட்சி மெலிந்தது. அந்தக் குற்றத்தை நீதிமன்றத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆளுந்தரப்பு பேரவைத் தலைவரோடு 12. எதிர்த்தரப்பு 14. அந்தப் பதினால்வரில் நியமனத்தார் மூவர்! அவர்களைக் கழித்தால் 11. நாராயணசாமி அமைச்சரவை வீழ்ந்தது.

அவ்வாண்டு மே திங்களிலே, புதிய பேரவைக்கு மீண்டும் மூவர் நியமனம். மூவரும் பாரதிய சனதாவினர். அவர்களுக்காகப் புதுவையில் ஒரு வாக்குப்பெட்டியும் திறக்கப்படவில்லை.