இருதயமும் தினசரிப் பழக்கங்களும்



கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை விட்டு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, கேரள எல்லையைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். கூலிக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் வைகறையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மேலே செல்வதை இன்றும் காணலாம். என் பெரியப்பாவின் இளமையில் அவர்கள் கட்டுச்சோற்றுடன் கால்நடையாகவே மலையேறினார்கள்.

அப்பெரியவர் பிற்காலத்தில் மெட்டிலே சிறு கடை வைத்தார். நாள் முழுவதும் அமர்ந்த வேலை. ஓர் இரவு மார்பின் மீது பாரம் ஏற்றினாற்போல் வலி கண்டது. இடது தோள்வரை பரவிற்று. உடல் வியர்த்துக் கொட்டிற்று. “வாயுதான்” என்று ஓமநீர் கொடுத்தார்கள். சோடா வாங்கி வந்தார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருந்தார்கள். விடியுமுன் அவர் மறைந்தார். நானோ தலைநகரில் இருந்தேன்.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஒரு சொல் தவறினால் ஓர் உத்தரவு பிழைபடும் என்பதை அறிவேன். ஒரு சொல்லை நம்பி ஓர் உயிரையே இழக்க நேரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இருதயம் நம் கைமுஷ்டியளவே ஆன தசை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மற்றத் தசைகளைப் போலவே இதுவும் உடற்பயிற்சியால் வலுப்பெறும். 1953-இல் மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் லண்டன் மாடிப் பேருந்துகளில் பணிபுரிவோரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். அமர்ந்தே ஓட்டிய டிரைவர்களைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களிடம் மாரடைப்பு குறைவாக இருந்தது.

ஜீப் வந்ததைக் குறை கூறவில்லை. மலையேறிய நடை போயிற்று. மலையேறியவனுக்கு உரிய சோற்றளவு மட்டும் இலையில் நின்றுவிட்டது. வெளிமாநிலங்களில் அலுவலக நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் நம் நிலையும் இதுவே. வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் விரைந்து நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் கூறும் 150 நிமிஷம் நிறைவேறிவிடும்.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஆசையோடு வரும் பொட்டலத்தில் வடுமாங்காய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இருக்கும். அவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. நாள்தோறும் வேண்டாம் என்றே சொல்கிறேன். பீடி, சிகரெட்டையும் வாயில் அடக்கும் புகையிலையையும் மட்டும் அறவே விடுங்கள். புகைப்பதை நிறுத்திய ஓராண்டிலேயே, அதனால் இருதயத்துக்கு வந்த அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

இன்னொரு சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. இரத்த அழுத்தத்தை நாம் “ரத்தக் கொதிப்பு” என்கிறோம். ஆகவே, “எனக்குக் கொதிப்பாக ஒன்றும் தெரியவில்லையே, மாத்திரை எதற்கு?” என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். பெரும்பாலும் இந்நோய் எவ்வித உணர்ச்சியும் தருவதில்லை. அளந்துதான் அறிய வேண்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டி நின்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முடிவாக ஒன்று. மார்பில் அழுத்தம், தோள் அல்லது தாடைவரை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை கண்டால் வாயு என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கு வலி அதிகமின்றிக் களைப்பும் குமட்டலுமாகவும் வரலாம். நோயாளியை நடக்கவிடாமல் அமர்த்தி, உடனே 108 அல்லது 112 எண்ணுக்கு அழையுங்கள். மலைமேல் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி தொலைவு. ஆகவே புறப்படுவதில் தாமதம் கூடாது.

இன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசுவீர்கள். சௌக்கியம் விசாரித்த பின், இந்தச் செய்தியையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.