திரையிசையின் தனிச்சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வில்லிபுத்தூருக்குப் புதிதாக வருவோர் முதலில் அண்ணாந்து நோக்குவது 11 நிலைக் கோபுரத்தை. இவ்வூரார் தேடுவது ஆண்டாளின் இடக்கையில் அமர்ந்திருக்கும் கிளியை. இலைகளால் முடைந்து, மாதுளம்பூவை மூக்காகப் பொருத்தி, நாள்தோறும் புதிதாகச் செய்யப்பெறுவது அக்கிளி. கோபுரத்தைத் தொலைவிலிருந்தே காணலாம். கிளியைக் காண அருகில் செல்ல வேண்டும். இளையராஜாவின் பல்லிய இசையிலும் இவ்வாறு அருகில் சென்றால் மட்டுமே புலப்படும் சிறு இடங்கள் பல உள. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பல்லியம் என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆள நேர்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா என்பதற்குப் புதுச்சொல் ஆக்க முற்பட்டோர் பலர். பல இயங்கள் கூடியது பல்லியம் எனும் பொருளில் சொல் முன்னரே நம் மொழியில் இருந்தது. நெடும்பல்லியத்தனார் எனப் புலவர் ஒருவர் பெயரே புறநானூற்றில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் குழல், யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை எனக் கருவிகள் ஒன்றையொன்று பின்பற்றிச் சேரும் முறையை விரித்துரைக்கிறது. ஆயினும் அங்கே எல்லாக் கருவிகளும் ஒரே வழியில் நடப்பவை. ஒரு கருவி ஒரு வழியும் மற்றொன்று வேறு வழியுமாகச் சென்று, இரண்டும் பகையின்றிப் பொருந்துவது மேலைநாட்டார் முறை. பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்து, மேடை மேடையாக அண்ணன் பாவலர் வரதராசனுடன் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற ஒருவர், இவ்விரு முறைகளையும் 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' முதலாகத் திரைக்குள் கொண்டுவந்தார் என்பது அனைவரும் அறிந்த செய்தி; அதனை விரிக்க வேண்டுவதில்லை.

யாப்புப் பயின்றோர் நிறைந்த அவை இது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் நான்காம் சீராகத் தனிச்சொல் நிற்கும். மேலே முடிந்த கருத்துக்கும் கீழே தொடங்கும் கருத்துக்கும் நடுவில், இரண்டுக்கும் உரியதாய், எதுகையால் மட்டும் முன்னதோடு கைகோத்து நிற்கும் ஒற்றைச் சீர். புதிதாக வெண்பா எழுதுவோர் அதனை இடம் நிரப்பும் சொல்லாகக் கருதி ஏதேனும் ஒன்றை இட்டு விடுவர். தேர்ந்த புலவனோ பாட்டின் திருப்பத்தையே அதில் வைப்பான். திரைப்பாடலில் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் இசைத்துண்டுகளும், காட்சியில் உரையாடல் ஓய்ந்தபின் வரும் நான்கைந்து நொடி இசையும் இத்தகைய தனிச்சொற்களே. பெரும்பாலோர் அவற்றை இடநிரப்பிகளாகவே கையாண்டனர். இளையராஜா அவ்வாறு கையாளவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும்: மதுரை–தென்காசிச் சாலையில் ஓடும் பேருந்துகளில், ஒலிநாடாக் காலம் முதல் இன்றுவரை, பயணிகள் முணுமுணுப்பது பாட்டின் வரிகளை மட்டுமன்று, இடையிசையையும் 'தன்னன்னா' என வாயாலேயே வாசித்துவிட்டுத்தான் சரணத்துக்கு வருகின்றனர். சொல் இல்லாத பகுதி மனப்பாடம் ஆகியிருக்கிறது. பாட்டெழுதும் கவிஞர்கள் இதில் சிறிது பொறாமை கொள்வதற்கும் இடமுண்டு.

மகேந்திரன் இயக்கிய 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' 1980-இல் வெளிவந்தது. அதில் விடியற்காலையில் ஓடிப் பயிலும் இருவர்மேல் வரும் பாடலில், தாளம் முறையான தாளக்கருவியில் தொடங்குவதன்று. ஓடும் காலடியோசையே தாளம். தொடையில் கையால் தட்டி அவ்வோசை உண்டாக்கப்பட்டது என்பர். வயலின்களும் குரல்களும் அதன்மேல் வந்து அமர்கின்றன. பாடல் விரியும்போது கேட்போன் காலடியை மறந்துவிடுகிறான், காலடியோ நிற்பதில்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அவ்வோசை இல்லையேல் அப்பாடல் இனிய கனவுப்பாடல்களுள் ஒன்றாகக் கரைந்திருக்கும். 1978-இல் வெளிவந்த 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் இரயிலின் ஓட்டம் தாளமாவதையும் இதனோடு வைத்து எண்ணலாம்.

அதே 1978-இல் வந்த 'சிட்டுக்குருவி'யில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடிய பேருந்துப் பாடல் ஒன்று உண்டு, வாலி எழுதியது. ஆண்குரலும் பெண்குரலும் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி, ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும். ஒரு வரியைத் தனியே கேட்டாலும் பொருள் உண்டு. இரண்டையும் பின்னிக் கேட்டாலும் பொருள் உண்டு. கவுண்டர்பாயிண்ட் எனப்படும் இம்முறையைத் தமிழ்க் காதுக்கு எவ்வாறு உணர்த்துவது? காளமேகத்தின் சிலேடையை நினைவு கொள்ளலாம். அங்கே ஒரு சொல்தொடர் இரு பொருளைச் சுமக்கும். இங்கே ஒரே காலம் இரு வரிகளைச் சுமக்கிறது. சிலேடையைக் கேட்போன் ஒரு பொருளை அறிந்தபின் மற்றொன்றுக்குத் திரும்புவான். இப்பாடலில் திரும்ப நேரமில்லை, இரண்டும் ஒருசேர வந்துவிடுகின்றன. இவ்வளவு நுட்பத்துக்கு நடுவே பேருந்து நடத்துநரின் குரல் குறுக்கிட்டு இறங்கச் சொல்கிறது. பண்டிதம் தலைக்கேறாமல் காப்பது அக்குரல். இப்பாடலின் மிகச் சிறந்த கணம் கவுண்டர்பாயிண்டா, நடத்துநரா என்று கேட்டால் நடத்துநரின் பக்கமே தீர்ப்பளிக்கத் தோன்றும்.

1981-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'ராஜ பார்வை', திரைப்பட இசைக்குழுவில் வாசிக்கும் பார்வையற்ற வயலின் கலைஞனின் கதை. பெயரறியாது பின்னே அமர்ந்து வாசிப்பவர்களுள் ஒருவனைக் கதைத்தலைவன் ஆக்கியது அப்படம். அதில் வசந்தா இராகத்தில் அமைந்த மழைப்பாடலின் இடையே, கருநாடக இசைமேதை டி.வி. கோபாலகிருஷ்ணனின் குரல் சிறிதே ஒலித்து மறையும். காதலர் இருவர் குரலுக்கும் தொடர்பில்லாத, வேறொரு வீட்டுச் சன்னலிலிருந்து கேட்பது போன்ற குரல். மெல்லிசையாய்க் கேட்டுக்கொண்டிருந்த இராகம் திடீரெனத் தன் முழு வயதையும் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறது. அது நீண்டிருந்தால் கச்சேரி ஆகியிருக்கும், குறுகியதால் நினைவாகிறது.

சிறுகணங்களின் உச்சம் எனத் தக்கது 'தளபதி'. 1991-இல் வெளிவந்த அப்படத்தின் ஆரவாரப் பாடல் ஒன்று 2002-இல் பி.பி.சி. நடத்திய உலக வாக்கெடுப்பில் நான்காம் இடம் பெற்றதைப் பலரும் பெருமையோடு கூறுவர். அப்பெருமையில் அடங்காத இடம் ஒன்று அப்பாடலில் உண்டு. ஆட்டமும் கைதட்டலும் உச்சத்தில் இருக்கையில் தாளம் அடங்கி, அப்பரின் தில்லைத் தேவாரம் குழுக்குரலில் எழுகிறது. தேவாரத்தைவிட வியப்புக்குரியது அதற்கு முன்னதாகிய அடக்கம். முரட்டுக் கூட்டம் ஒன்று எதனையோ கேட்டு வாயடைத்து நிற்கும் அந்த நொடியை இசை முதலில் உணர்ந்து, பின்னரே காட்சிக்குச் சொல்கிறது.

அப்படத்திலேயே, பெற்ற பிள்ளையைச் சரக்கு இரயிலில் விட்ட தாயின் கதைக்கு ஒரு மெட்டு உண்டு. எஸ். ஜானகி பாடும் பாடலாக அது வருகிறது. வாலியின் வரிகளில் தாயின் பெயர்போல ஒலிக்கும் தொடக்கம், இளையராஜாவின் அன்னையார் சின்னத்தாயம்மாளையும் நினைவூட்டும். பாடல் முடிந்தபின் அம்மெட்டு படம் முழுவதும் சொல்லின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. கோயிலில் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாது அருகருகே நிற்க, எங்கோ இரயில் கூவும். இருவரும் ஒரே திசையில் திரும்புவர். அங்கு உரையாடல் எதுவும் கதையை விளக்குவதில்லை. மெட்டின் சிறு பகுதி வருகிறது, அவ்வளவே. கேட்போன் தன் மனத்துள் சொற்களை இட்டுக்கொள்கிறான். தொல்காப்பியர் இறைச்சியைக் கூறிய பொருளுக்குப் புறத்தே நிற்பது என்றார். தலைவி கூறாததை அருவியும் மந்தியும் கூறும். இங்கே தாய் கூறாததை, மகன் அறியாததை, ஒரு மெட்டின் நான்கு சுரங்கள் கூறுகின்றன. 'நாயக'னில் (1987) தென்பாண்டி மெட்டும் இவ்வாறே மீளமீள வந்து, இறுதியில் பாடலாகவே படத்தை மூடுகிறது. ஆனால் அது தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் தன்னை வெளிப்படக் காட்டிக்கொள்வது. தளபதியின் மெட்டு தன்னை மறைத்துக்கொள்கிறது. மறைப்பதே மேல்.

இவை அனைத்தையும் குறையற்றவை எனக் கொள்ள வேண்டுவதில்லை. எண்பதுகளின் பல படங்களில், நடிகரின் முகமே போதுமான இடத்தில் வயலின்கள் திரண்டெழுந்து அழச்சொல்கின்றன. ஆண்டுக்குப் பல பத்துப் படங்கள், ஒவ்வொன்றின் பின்னணிக்கும் சில நாள்களே என்ற வேகத்தில் அது நேர்ந்திருக்கும். கூறியது கூறல் செய்யுளில் குற்றமெனின் இசையிலும் குற்றமே. மகேந்திரன், பாலுமகேந்திரா படங்களில் இக்குற்றம் அருகிக் காணப்படுகிறது. ஓய்வதற்கு இடம் கொடுத்த இயக்குநர்களிடம் அவர் நன்றாக ஓய்ந்திருக்கிறார்.

இனி, தமிழ்த்துறைகள் எண்ண வேண்டிய செய்தி ஒன்று. பரிபாடலில் பெரும்பாலான பாட்டுகளின் கீழ் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண் ஆகியன குறிக்கப்பெற்றுள்ளன. கண்ணகனார், பெட்டனாகனார் என இசை வகுத்தோர் பெயர்கள் ஈராயிரம் ஆண்டை ஒட்டிய தொலைவு கடந்து வந்திருக்கின்றன. அவர்கள் வகுத்த இசை வரவில்லை. திரையிசையில் நேர்வது இதன் மறுதலை. இசை நிற்கிறது, வாசித்தோர் பெயர் மறைகிறது. அக்காலத் திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் சொற்கள் இருக்கும், பாடியோர் பெயர் இருக்கும். சரணத்துக்கு முன் புல்லாங்குழல் ஒன்று இருந்தது என்பதற்கு ஒரு புள்ளிகூட இராது. பின்னணி இசையின் நிலை இன்னும் கீழானது. படச்சுருளைப் பார்த்து, இளையராஜா தம் கையால் சுரக்குறிப்பு எழுத, கலைஞர்கள் தத்தம் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு, ஒரே கூடத்தில் ஒருசேர வாசித்துப் பதிந்தவை அவை. ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். அவ்வாறு உருவானவற்றுள் பெரும்பாலானவை இசைத்தட்டாக வெளிவரவில்லை. வசனத்துக்கு அடியிலும் கதவோசைக்கு அடியிலுமே கிடக்கின்றன. அன்று வாசித்தவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமையில் உள்ளனர். இந்தக் குழல் யாருடையது, அந்த வயலின் யாருடையது எனக் கேட்டு எழுதிவைக்க இசைப்புலமை வேண்டுவதில்லை. ஏடு தேடியவர்களின் பொறுமை இருந்தால் போதும். திரைப்பாடல் ஆய்வேடுகள் உவமை, உருவகம் என்று பாடல்வரிகளையே மீளமீள எண்ணிக்கொண்டிருக்கின்றன.

அரசின் தேசியத் திரைப்பட விருதுகளிலும் பின்னணி இசைக்கெனத் தனி விருது 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடர்ந்து வழங்கப்படலாயிற்று. 'பழசிராஜா' என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவே அதனைப் பெற்றார். 2013-இல் மிஷ்கின் தம் பாடலில்லாப் படமாகிய 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' என்பதன் எழுத்துகளில் 'பின்னணி' என்பதை நீக்கி 'முன்னணி இசை' என இட்டார். அவ்விசைத்துண்டுகள் தனித்தனிப் பெயருடன் தொகுப்பாகவும் வெளிவந்தன. பெயர் பெற்றபின்தான் அவை பேசப்பட்டன.

2024 டிசம்பரில் திவ்யப் பாசுர இசைநிகழ்ச்சிக்காக இளையராஜா இவ்வூர் ஆண்டாள் திருக்கோயிலுக்கு வந்தார். அவர் எந்த மண்டபத்தில் எந்தப் படியில் நின்றார் என்பதே நாடெங்கும் பல நாள் பேச்சாயிற்று. அது பேச வேண்டாத செய்தியன்று. ஆயினும் ஆழ்வார் பாசுரத்துக்கு அவர் இட்ட இசை எத்தகையது என்று இவ்வூரிலேனும் எழுந்திருக்க வேண்டிய பேச்சு எழவில்லை. 2025 மார்ச்சு 8 அன்று இலண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோதும், முதல் தமிழர் என்ற பெருமிதம் செய்தியாயிற்று. ஒரு சுரத்தைப் பற்றியேனும் எழுதியோர் சிலரே.

நிறைவாக ஓரிடம். 1986-இல் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கி அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பு, படம் எதற்கும் எழுதப்பட்டதன்று. அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன், இங்கேனும் பெயர் நிற்கிறது. பாலுமகேந்திரா 1988-இல் 'வீடு' எடுத்தபோது அத்தொகுப்பின் இசையையே படத்துக்குப் பின்னணியாக ஆண்டார். சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, பேத்தி கடன்பட்டுக் கட்டும் வீட்டைப் பார்க்கத் தனியே செல்கிறார். கூரையும் பூச்சும் முடியாத வீடு. சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். பேச்சு இல்லை, வயலின்கள் உள்ளன. கையால் தொட்ட செங்கல்லின் சொரசொரப்பும் நரம்பின்மேல் வில் உரசும் ஓசையும் ஒன்றாகும் கணம் அதில் ஒன்று உண்டு. அதன்பின் அவர் நெடுநாள் இருப்பதில்லை, வீடும் முடிவதில்லை.