போன் யார் கையில் இருக்க வேண்டும்?

 

இது கேரள மாநிலத்துச் செய்தி. 1989ஆம் ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் மாணவர்கள் நிறையப் பேர். 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. வளர்ந்த பிறகு எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணிதான் அதை அறிவித்தார்.

பிறகு காலம் மாறியது. கைக்குக் கை செல்போன் வந்தது. கரண்ட் பில் போனில், வங்கிக் கணக்கு போனில். எழுதப் படிக்கக் கற்றவர்களும் மறுபடி அடுத்தவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

மறுபடியும் பிள்ளைகள் வந்தார்கள். 2022இல் கேரள அரசுப் பள்ளிகளின் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர்கள், இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று தாய்மார்களுக்குப் பாடம் எடுத்தார்கள். அதே ஆண்டு திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து மாநிலம் முழுவதும் வகுப்பு. 21 லட்சம் பேருக்கு மேல் கற்றார்கள். நூறு வயதைக் கடந்தவரும் கற்றார். 2025 ஆகஸ்ட் 21 அன்று அந்தப் பணி நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

சரி, ஒரு பிள்ளை எப்படிச் சொல்லித் தர வேண்டும்?

ஒரு வீட்டில் பாட்டி கேட்கிறாள்: "மோனே, துபாயில் இருக்கிற மாமனைக் கூப்பிடு." பேரன் போனை வாங்குகிறான். டக் டக்கென்று தட்டுகிறான். "இந்தா பேசு" என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் மறுநாளும் பாட்டி அவனைத் தேடுகிறாள். பாட்டி என்ன கற்றாள்? ஒன்றுமில்லை.

இன்னொரு வீட்டில் பேத்தி போனைத் தொடுவதே இல்லை. பாட்டி கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள். பாட்டி பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். வேறு ஏதோ திறக்கிறது. உழைத்துக் காய்த்த விரல். அழுத்திப் பிடித்தால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். "அழுத்தாதே அம்மும்மே, பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு எடு" என்கிறாள் பேத்தி. திறக்கிறது! பிறகு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறாள். மாமன் பெயரைப் பாட்டியே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பாடம். அது போதும்.

பணம் என்று வரும்போதுதான் இது பெரிய விஷயம். 2016 முதல் போனிலேயே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு ரகசிய எண் உண்டு. பல வீடுகளில் அந்த எண் பேரனுக்குத்தான் தெரியும். பாட்டிக்குத் தெரியாது. சொல்லச் சங்கடம்தான். ஆனாலும் அது சரியல்ல. எவ்வளவு செல்லப் பேரனாக இருந்தாலும் சரி, பாட்டி எண்ணைப் போடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இதில் பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும்" என்று ஒருவன் போனில் சொல்கிறான். பேரனுக்குச் சந்தோஷம். பாட்டி கேட்கிறாள்: "முன்பின் தெரியாதவன் எதற்கடா பணம் தருகிறான்?" பாட்டி கேட்டதுதான் நியாயம். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைப் போட்டால் கணக்கிலிருந்து பணம் போகும், வராது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நாடு முழுவதற்கும் அதே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. போனில் மட்டும் அதைப் பதிந்தால் போதாது. போனே தொலைந்தால்? சுவரில் தொங்கும் காலண்டரில், பாட்டியே தன் கையால் பெரிதாக எழுதி வைக்கட்டும்: 1930.