நிழலிலிருந்து உருவம்



கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் தலையில் அடிபட்ட ஒருவரைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டையோட்டினுள் குருதி கசிந்திருக்கிறதா என்பதே மருத்துவர் முதலில் அறிய வேண்டியது. 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிரால் எடுக்கும் சாதாரணப் படம் இதற்குப் போதாது. அது வெறும் நிழல். எலும்பு, மூளை, குருதி ஆகிய யாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து கலந்துவிடும். கலந்ததைப் பிரிப்பது எங்ஙனம்? இது மருத்துவத்தைக் காட்டிலும் கணக்குக்கே உரிய வினா. ஆகவேதான் ஓய்வுபெற்ற கணக்காசிரியனாகிய நான் இதைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை ஒரே நீலச் சுவராகத் தோன்றும். முன்குன்று எது, பின்குன்று எது என்று சொல்ல இயலாது. தெற்கே ஆத்தூர்ப் பக்கம் சென்றால் தோற்றம் வேறு. மலையைச் சுற்றிப் பல திக்குகளிலிருந்து பார்த்தவனே அதன் அமைப்பை ஓரளவு உணர்வான். எக்ஸ்-கதிருக்கும் அப்படியே.

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவற்றுள் நான் மறைத்து வைத்த எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல்வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ்வரிசை 4. இடப்பத்தி 5, வலப்பத்தி 6. விடை கிடைத்ததா? மேலே 2, 5. கீழே 3, 1 என்பீர்கள். உங்கள் தோழரோ மேலே 3, 4; கீழே 2, 2 என்பார். இருவர் விடையும் பொருந்துகிறது! இப்போது, மேல் இடமூலையையும் கீழ் வலமூலையையும் கூட்டினால் 3 என்று மேலும் ஒரு செய்தி தருகிறேன். தோழர் விடை தள்ளுண்டு போகும். மூன்றாம் திக்கிலிருந்து விழுந்த நிழல் ஐயத்தைத் தீர்த்தது. எல்லாத் திக்குகளின் நிழல்களும் தெரிந்தால் உருவத்தை மீட்கலாம் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடன் 1917இலேயே நிறுவினார்.

ஆயினும் கட்டங்கள் நான்கல்ல, பல்லாயிரம். ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பூசினால் உருவம் தோன்றும். ஆனால் மங்கலாகத் தோன்றும். ஒரு புள்ளியைச் சுற்றிப் புகைபோல் ஒளி படரும். இப்புகையை நீக்க ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கைக் கையாண்டு வந்தனர். அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெருஞ்சுமை.

இங்கேதான் நம்மவர் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிப் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்ற கோ. நா. இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருப்பிப் பூசுமுன், நிழலின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அண்டை எண்களின் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. பக்கத்து எண்ணுக்கு ஒரு பங்கு கழித்தால், மூன்றாம் எண்ணுக்கு அதில் 9இல் ஒன்று, ஐந்தாவதற்கு 25இல் ஒன்று. இரண்டாவதும் நான்காவதும் கணக்கிலேயே சேரா! வெறும் பெருக்கலும் கூட்டலும் கழித்தலுமே வேலை. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதையொத்த முறையைக் கண்டிருந்தனர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

அதே 1971, அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் கோர்மாக்குக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு வரவில்லை; ஆனால் உலகெங்கும் அந்த வடிகட்டிக்கு ‘ராம்-லாக்’ என்றே பெயர். பரிசைவிட இது நிலைத்தது என்பேன்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. அண்டை எண்களைக் கழிக்கும்போது விளிம்பு கூர்மையாகிறது. அளவீட்டில் கலந்திருக்கும் சிறு பிழைகளும் உடன் பெருகிப் பொடிப்பொடியாகத் தெரிகின்றன. செப், லோகன் என்னும் இருவர் 1974இல் சற்று மென்மையான வடிகட்டி ஒன்றை அமைத்தனர். மென்மை கூடினால் பொடி குறையும். அதனோடு மெல்லிய முறிவுக்கோடும் மறையலாம். ஆதலின் இன்று ஒரே அளவீட்டிலிருந்து இரண்டு படங்கள் கணக்கிடுகிறார்கள்; எலும்பு முறிவைக் காணக் கூர்மையானது ஒன்று, மூளையையும் குருதிக்கசிவையும் காண மென்மையானது ஒன்று. நோயாளியை இன்னொரு முறை கதிருக்கு உட்படுத்துவதில்லை. எண்கள் அவையே, அண்டை எண்களுக்குத் தரும் பங்கு மட்டுமே வேறு.