மூளை அதிர்ச்சியா, மூளைக் குலுக்கமா?

  

தலையில் அடிபட்டு வருபவருக்கு டொக்டர் 'கன்கஷன்' என்பார். நம் கலைச்சொல்லாளர்கள் அதை 'மூளை அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். பொருந்தாது என்று கூட்டந்தோறும் நான் சொல்வதும், நண்பர்கள் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவதும் உங்களிற் பலருக்குத் தெரியும். இன்று ஒலிவாங்கி என் கையில்.

லத்தீனில் 'கொன்குதெரே' என்றால் பலமாக உலுக்குதல். அதன் பெயர்ச்சொல்லான 'கொன்குஸ்ஸியோ' உரோமச் சட்டத்தில் மிரட்டிப் பணம் பறிப்பதையும் குறித்தது. இத்தாலியில் அரச அலுவலர் அப்படிப் பறித்தால் இன்றும் 'கொன்குஸ்ஸியோனே'தான். மரத்தை உலுக்கினால் காய், ஆளை உலுக்கினால் காசு.

அரபிக்கு வாருங்கள். அங்கே கன்கஷன் 'இர்திஜாஜ்'. றா, ஜீம், ஜீம் என்ற வேர். குர்ஆனின் வாகிஆ சூராவின் தொடக்கத்தில், பூமி உலுக்கப்படும் நாளைச் சொல்லும் ஒரே வசனத்தில் இவ்வேர் வினையாகவும் பெயராகவும் இருமுறை வருகிறது. வரிப்பத்தான்சேனையில் அதை ஓதிக் கேளாத வீடு இராது. அச்சத்துக்கு 'கவ்ஃப்', மனத்தாக்கத்துக்கு 'ஸத்மா' என்று அரபி வேறு சொற்களை வைத்திருக்கிறது. மூளையின் கடுங்காயத்திலிருந்து கன்கஷனைப் பிரித்தறிந்தவராக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் சொல்வதும் 10ஆம் நூற்றாண்டின் மருத்துவர் அர்-ராஸியைத்தான்.

'அதிர்தல் என்றாலே நடுங்குதல்தானே' என்பார்கள் நண்பர்கள். வினைக்கு அது சரி. நிலம் அதிரும், பறை அதிரும். 'அதிர்ச்சி' என்ற பெயரோ பத்திரிகைத் தலைப்புகளில் உழைத்துத் திகைப்பாகிவிட்டது. வயற்பாதையில் மோட்டார் சைக்கிளால் விழுந்த பையனுக்கு 'அதிர்ச்சிதான்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், பிள்ளை பயந்துவிட்டான் என்றுதான் உம்மா எடுத்துக்கொள்வார். தண்ணீர் ஓதிக் கொடுப்பார். ஓதட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத நித்திரை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது பயம் என்ற எண்ணத்தில் மறைந்துபோகும். 'மூளை குலுங்கியிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். அவரே இரவெல்லாம் பார்த்திருப்பார். ஸ்கேன் படத்தில் இரத்தக்கசிவு தெரியாவிட்டாலும், மயக்கம் போடாவிட்டாலும் குலுங்கியது குலுங்கியதுதான்.

மற்றவை சுருக்கமாக. மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் 'இரண வைத்தியம்' கன்கஷனை எப்படிச் சொல்கிறது என்பதை இளைய ஆய்வாளர் ஒருவர் எடுத்து எழுதலாம். 2019இல் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் ஆடியது முதல் பரவிய 'கன்கஷன் மாற்று வீரர்' பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும். நாட்டு வைத்தியர்களான பரிசாரிமாரின் சொற்களை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். அகராதிக் குழுவில் உள்ள நண்பர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் 'மூளைக் குலுக்கம்' என்று திருத்துங்கள்.